உதவி கேட்டுப் புறப்பட்ட பேரரசர்

‘யாரிடம் போய் உதவி கேட்பது? கேட்டால் கௌரவம் என்ன ஆவது?’

வானொலியில் நேயர்களோடு பேசும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அப்போதெல்லாம் எனக்கு ஒரு பேரரசரின் நினைவு வரும். பெயர், இரண்டாம் மானுவேல் பாலையோலோகோஸ்.

1350-இல் பிறந்தவர். இன்றைய இஸ்தான்புல்தான் அன்றைய கான்ஸ்டான்டிநோப்பிள். கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசின் தலைநகர். ஒரு காலத்தில் மூன்று கண்டங்களில் பரவியிருந்த அந்தப் பேரரசு, மானுவேலின் கைக்கு வந்தபோது தலைநகரும் தென் கிரேக்கத்தில் ஒரு பகுதியும் சில தீவுகளுமாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் ஒட்டோமான் துருக்கியர்.

அவமானம் அவருக்குப் புதிதல்ல. 1390-இல் சுல்தான் பயசித்தின் படையோடு போய், ஆசியா மைனரில் கிரேக்கர்களிடம் எஞ்சியிருந்த பிலடெல்பியா நகரை வீழ்த்த உதவ வேண்டியிருந்தது. மறு ஆண்டு தந்தை இறந்த செய்தி கிடைத்ததும், சுல்தானின் பிடியிலிருந்து நழுவி வந்து அரியணை ஏறினார்.

1394-இல் பயசித் தலைநகரை முற்றுகையிட்டார். மீட்க வந்த ஐரோப்பியப் படை 1396-இல் நிக்கோபோலிஸில் தோற்றது. இனி நேரில் போய்க் கேட்பதே வழி என்று மானுவேல் முடிவெடுத்தார். தம்மோடு பகைமை பாராட்டிய அண்ணன் மகனிடமே நகரை ஒப்படைத்துவிட்டு, 1399 டிசம்பரில் கப்பலேறினார்.

வெனிஸ், மிலான், பாரிஸ். பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸ் அவரை லூவ்ரில் தங்கவைத்தார். 1400 கிறிஸ்துமஸை இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியோடு லண்டன் அருகே கொண்டாடினார். மானுவேலும் அவருடைய ஆட்களும் ஒரே மாதிரி வெள்ளை அங்கியில் வலம் வந்ததைக் கண்ட ஆடம் ஆஃப் அஸ்க் என்ற வரலாற்றாசிரியர், இவ்வளவு பெரிய மன்னர் உதவி தேடி இத்தனை தூரம் வர நேர்ந்ததே என்று மனம் நொந்து எழுதினார்.

விருந்தும் மரியாதையும் கொஞ்சம் பணமும் கிடைத்தன. கேட்ட படை மட்டும் வரவில்லை.

உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1402 ஜூலையில் அங்காரா போரில் தைமூர் பயசித்தைச் சிறைபிடித்தார். முற்றுகை கலைந்தது. மறு ஆண்டு ஊர் திரும்பிய மானுவேல், கிடைத்த அவகாசத்தை வீணாக்கவில்லை. ஒட்டோமான் இளவரசருடன் செய்த ஒப்பந்தத்தால் தெசலோனிக்கி நகரம் திரும்பக் கிடைத்தது. 1415-இல் கொரிந்து நிலச்சந்தியின் குறுக்கே காவல் மதிலை மீண்டும் எழுப்பினார்.

1422-இல் இன்னொரு முற்றுகையையும் நகரம் தாங்கியது. அதே ஆண்டு பக்கவாதம் தாக்கியது. 1425-இல், துறவி அங்கியில், மானுவேல் கண்மூடினார். 1453-இல் நகரம் வீழ்ந்த நாளில் போரிட்டு மடிந்த கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன், இவருடைய மகன்தான்.

உபசரித்த பிரான்ஸை மானுவேல் மறக்கவில்லை. 1408-இல் அங்குள்ள செயின்ட் டெனிஸ் மடத்துக்கு ஒரு கிரேக்கக் கையெழுத்துச் சுவடியைப் பரிசாக அனுப்பினார். அதில் மனைவி, மூன்று மகன்களோடு அவர் நிற்கும் ஓவியம் இருக்கிறது. அந்தச் சுவடி இன்று இருப்பது, அவர் விருந்தாளியாகத் தங்கிய அதே லூவ்ரில்!

கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் கேட்டதால் அவர் சிறுத்துப் போய்விடவும் இல்லை. அடுத்த முறை அந்தக் கேள்வியோடு நேயர் யாராவது அழைத்தால், இந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.