முன்னச்சின் ரப்பர் உறை

தமிழ் பேசும் மக்கள் வாழும் மார்டள்ளி, 1956 முதல் 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது; இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இத்தகைய மலைப்புற ஊர்களின் வளைந்த சாலைகளில் ஓடும் பழைய மாருதி 800 வண்டிகளில், அடிக்கடி சோதிக்கத்தக்க உறுப்பு முன்னச்சின் மடிப்பு ரப்பர் உறையாகும்.

1983 டிசம்பரில் வெளிவந்த இவ்வண்டியில், எஞ்சின் சுழற்றும் முன்சக்கரங்களே வளைவில் திரும்பவும் வேண்டும். சாதாரணக் குறுக்கிணைப்பு கோணத்தில் சுழன்றால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா அமைத்த இணைப்பில், ஆறு எஃகுக் குண்டுகள் இரு தண்டுகளுக்கும் நடுக்கோணத்தில் நிற்பதால் வேகம் மாறுவதில்லை.

உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண்ணும் நீரும் உட்புகும். திருப்பத்தில் 'டக்டக்' என்னும் ஓசை எழுமாயின், குண்டுகளும் அவை உருளும் பள்ளங்களும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்நிலையில் உறையை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. இணைப்பையே மாற்றுதல் வேண்டும்.

கிழிசலை உடனே கண்டால் செலவு சிறிதே. அச்சைக் கழற்றி, பழைய கிரீசை முற்றும் கழுவி, பள்ளங்களைச் சோதிக்க வேண்டும். பிறகு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீசை இட்டு, புதிய உறையைப் புதிய பட்டைகளால் இறுக்க வேண்டும். அச்சு நட்டைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்கிப் புதிய பின்னால் பூட்டுக. நட்டு தளர்ந்தால் சக்கரப் பேரிங் கெடும்.

மாதம் ஒருமுறை, நிறுத்திய வண்டியின் சக்கரங்களை முழுதும் திருப்பி, மடிப்புகளில் வெடிப்பும் சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்த கிரீசும் உண்டா என்று பார்ப்பது களப்பணியாளர்க்குச் சில நிமிட வேலையே. ஆசிரியர்கள் இதனையே உராய்வுப் பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.