உதவி நின்ற மறுநாள்

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், 2007-இல், அடிமட்ட ஏழைகள் என்று ஊராரே அடையாளம் காட்டிய குடும்பங்களில் குலுக்கலில் தேர்வானவற்றுக்கு பந்தன் அமைப்பு பசுவோ, ஆடுகளோ, சிறு வியாபாரத்துக்குச் சரக்கோ கொடுத்தது. சில மாதம் கைச்செலவுக்குப் பணமும் தந்தது. ஒன்றரை வருடம் வாராவாரம் ஒருவர் வீடு தேடி வந்து யோசனை சொன்னார். பிறகு எல்லாம் நின்றுவிட்டது.

பழைய நிலைக்கே திரும்பியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, கரிமா சர்மா மூவரும் பத்து வருடம் கழித்தும் அவர்களைத் தேடிப் போய்க் கணக்கெடுத்தார்கள். குலுக்கலில் உதவி கிடைக்காமல் போன குடும்பங்களைவிட இவர்கள் அப்போதும் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கூடுதலாகச் செலவழித்துச் சாப்பிட்டார்கள். பசுவோடும் நின்றுவிடவில்லை, சிறு தொழில், வெளியூர் வேலை என்று வருமானம் பல வழிகளில் வரத் தொடங்கியிருந்தது. சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லோரும் இப்படி நிமிர்வதில்லை. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு பசு கொடுத்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் சொத்து மதிப்பில் ஓர் எல்லைக்கோடு இருப்பதைக் கண்டார்கள். பசுவோடு சேர்த்து வீட்டில் ஏற்கெனவே கொட்டகை, வண்டி, தொழில் சாமான் என்று கொஞ்சம் இருந்து, அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் மேலே ஏறினார்கள். கோட்டுக்குச் சற்றே கீழே நின்றவர்கள் சறுக்கினார்கள். கிடைத்ததோ ஒரே மாதிரிப் பசுதான்.

மதுரைப் பக்கத்து நிலவரத்தை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். கறவை மாடு பத்து மாதம் போலக் கறக்கும், பிறகு வற்றிவிடும். அடுத்த கன்று போடும்வரை பால்காசு கிடையாது, தீவனச் செலவு மட்டும் உண்டு. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர் வயல்காட்டில் வைக்கோலுக்கு வழி இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி பூமியில் கோடையில் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாமே காசு. அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாக்குப்பிடிக்க முடியாத வீடு மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடும். 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டத்துக்கும் இந்தக் கோடு பொருந்தும்.

ஏறியவர்களையும் கீழே இழுப்பது எது? ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா எனப் பல இடங்களில் கேட்டபோது முதலில் வந்த பதில் நோய். பின்னால் கல்யாணம், கருமாதிச் செலவு, வட்டிக்கடன். மதுரையில் 1990-இல் தொடங்கிய களஞ்சியம் மகளிர் குழுக்கள் கைவைத்தது இந்த வட்டிக்கடனில்தான். பெண்கள் தாங்களே சேமித்து, தங்களுக்குள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொண்டார்கள். அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அந்த இயக்கத்திலிருந்து வந்தவர். விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது ஊரறிந்த செய்தி.

2024 பட்ஜெட்டில் 5 லட்சம் பரம ஏழைக் குடும்பங்களுக்கென்று தாயுமானவர் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒரு குடும்பம் ஏறிவிட்டது என்று அதன் பெயரைப் பரம ஏழைகள் பட்டியலிலிருந்து நீக்கும் நாளில் அதிகாரிகள் மாத வருமானத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். வற்றிய மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா, வட்டி எவ்வளவு போகிறது, யாருக்கு மருந்துச் செலவு என்றும் கேளுங்கள். பெயரை நீக்கினாலும் ரேஷன் அரிசியிலும் காப்பீட்டு அட்டையிலும் மட்டும் கைவைத்துவிடாதீர்கள்.