கத்தி எடுக்காத கல்லீரல் மருத்துவர்

ரோஜர் வில்லியம்ஸ் (1931–2020) அறுவை மருத்துவர் அல்லர். ஆனாலும் பிரிட்டனில் கல்லீரல் மாற்று சிகிச்சை வேரூன்றிய கதையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கல்லீரல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநிறுத்திய ஷீலா ஷெர்லாக்கிடம் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1966இல் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் பிரிவைத் தொடங்கினார்.

1968இல் அறுவை மருத்துவர் ராய் கால்ன் கேம்பிரிட்ஜில் கல்லீரல் மாற்று அறுவையைத் தொடங்கினார். அதன்பின் இருவரும் கைகோத்தனர்: அறுவை கால்னுடையது, நோயாளியைத் தேர்வதும் பேணுவதும் வில்லியம்ஸுடையது. தொடக்க கால நோயாளிகளில் பலர் பிழைக்கவில்லை. புதிய உறுப்பை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகே நிலைமை மாறியது.

உண்மையில், மாற்று சிகிச்சையின் கடினமான முடிவு அறுவை அரங்குக்கு வெளியே எடுக்கப்படுகிறது. நன்றாயிருந்த கல்லீரல் சில நாட்களில் செயலிழந்தால் என்ன செய்வது? கல்லீரலுக்குத் தானே வளர்ந்து தேறும் ஆற்றல் உண்டு. தேறக்கூடியவருக்கு அவசரப்பட்டு மாற்றினால், அவர் வாழ்நாள் முழுதும் மருந்தோடு கிடக்க வேண்டும். தேறாதவருக்குத் தாமதித்தால் மூளை வீங்கிவிடும். பிறகு கல்லீரல் கிடைத்தும் பயனில்லை.

இதற்கு விடை தேட, வில்லியம்ஸின் பிரிவு 1973 முதல் 1985 வரை சிகிச்சை பெற்ற 588 நோயாளிகளின் விவரங்களை அலசியது. அதிலிருந்து உருவாகி 1989இல் வெளியான அளவுகோல்கள் கிங்ஸ் காலேஜின் பெயராலேயே வழங்குகின்றன. பாராசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவருக்கு ஒரு கணக்கு, மற்றவர்களுக்கு வேறு கணக்கு. ரத்தத்தின் அமிலத்தன்மை, உறையும் திறன், சிறுநீரக நிலை, நினைவுத் தடுமாற்றம் போன்றவை பாராசிட்டமால் கணக்கில் வரும். மற்றவர்களுக்கு உறையும் திறனோடு வயது, நோயின் காரணம், காமாலைக்கும் நினைவுத் தடுமாற்றத்துக்கும் இடைப்பட்ட நாட்கள் போன்றவை பார்க்கப்படும். எல்லாம் சாதாரணப் பரிசோதனைகள்தாம்; அதுவே அந்த அளவுகோல்களின் சிறப்பு.

வில்லியம்ஸைப் பொதுமக்கள் அறிந்தது கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டின் மருத்துவராக. குடியால் கெட்ட கல்லீரலுக்குப் பதிலாக 2002இல் பெஸ்ட்டுக்குப் புதியது பொருத்தப்பட்டது. அவர் மறுபடி குடித்தார், 2005இல் இறந்தார். வில்லியம்ஸோ 80 வயதைக் கடந்தும், குடியையும் உடல்பருமனையும் கட்டுப்படுத்தச் சொன்ன லான்செட் மருத்துவ இதழின் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார்.

அந்தக் கடினமான முடிவு நமக்கும் தூரமானதல்ல: தமிழ்நாட்டில் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை. அது உடலுக்குள் போனவர் முதல் சில நாட்கள் தெம்பாகவே தெரியக்கூடும். கல்லீரல் கெடுவது அதன் பிறகு. அந்தத் தெம்பை நம்பி வீட்டில் வைத்திருக்காமல், உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.