தொலைவைத் தேடும் காதுகள்

பின்லாந்து நாட்டின் வடகோடியில் இனாரி என்னும் பெரிய ஏரி இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்குப் பல வாரங்களுக்குச் சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில்கூட மங்கிய நீல வெளிச்சம் மட்டுமே தெரியும். அந்தக் கடுங்குளிரில், காட்டுக்குள் இருக்கும் ஒரு மரவீட்டில் சிலர் வானொலிக் கருவிகளின் முன் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகள் பல திசைகளை நோக்கி இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. ஹெட்போனில் வெறும் இரைச்சல். திடீரென்று அதன் நடுவே ஒரு மனிதக் குரல் மேலெழுகிறது. அது அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூரின் வானிலை அறிக்கை. அரை நிமிடத்தில் அக்குரல் மீண்டும் இரைச்சலுக்குள் மறைந்துவிடுகிறது.

அந்த ஊரில் மழை பெய்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன? பின்லாந்தில் இருப்பவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும், அந்த அரை நிமிடத்தைக் கேட்பதற்காகவே அவர்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கிறார்கள். தொலைதூர வானொலி நிலையங்களைத் தேடிக் கேட்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. இதனை 'டி.எக்ஸ்.' என்று சுருக்கமாக அழைப்பார்கள். தந்தி அனுப்பியவர்கள் 'தொலைவு' என்பதைக் குறிக்கப் பயன்படுத்திய சுருக்கெழுத்து அது.

அயல்நாட்டு வானொலியைக் கேட்பது தமிழர்களுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் நாள்தோறும் ஒலித்தன. ஆனால், அவர்கள் பாடல்களுக்காகவும் அறிவிப்பாளர்களின் இனிய தமிழுக்காகவும் கேட்டார்கள். டி.எக்ஸ். நேயர்களோ நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் கேட்பார்கள். அது எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு சிறிய நிலையத்திலிருந்து வருகிறது என்பதே அவர்களுக்கு முக்கியம்.

இன்று சிங்கப்பூரில் ஒலி 96.8, மலேசியாவில் மின்னல் எஃப்.எம். போன்ற நிலையங்கள் பண்பலையில் இயங்குகின்றன. பண்பலையில் ஒலி தெளிவாக இருக்கும். ஆனால், அந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், மலைகளையும் அடிவானத்தையும் தாண்டி அதிக தூரம் போவதில்லை. ஏ.எம். எனப்படும் மத்திய அலை வானொலி அப்படிப்பட்டதன்று. அதன் அலைகள் பகலில் நிலத்தை ஒட்டியே பரவுகின்றன. இரவிலோ அவை வானத்தின் வழியாகவும் பயணம் செய்கின்றன.

இதற்குக் காரணம் சூரியன். சூரியனின் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரமான பகுதியில் உள்ள அணுக்களைத் தாக்கி, அவற்றிலிருந்து மின்னணுக்களைப் பிரிக்கின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற பகுதியை அயனி மண்டலம் என்பர். இதில் பல அடுக்குகள் உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது 'டி' அடுக்கு. பகல் நேரத்தில் மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை இந்த அடுக்கு உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் பிரிந்த மின்னணுக்கள் மீண்டும் ஒன்றுசேர, 'டி' அடுக்கு விரைவில் மறைந்துபோகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்குகள் இரவிலும் ஓரளவு நிலைத்திருக்கின்றன. தடை நீங்கியதும், மத்திய அலைகள் அந்த அடுக்குகளை எட்டி, வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. பூமியில் பட்டு மீண்டும் எழும்பி, மறுபடியும் வானத்தில் திரும்பி, தாவித் தாவிக் கண்டங்களையும் கடக்கின்றன. இனாரியின் நீண்ட குளிர்கால இருள் வானொலி நேயர்களை ஈர்ப்பதும் இதனால்தான்.

இப்படி ஓர் அடுக்கு வானத்தில் இருக்க வேண்டும் என்று 1902ஆம் ஆண்டிலேயே சில அறிஞர்கள் கருதினர். அதனை மெய்ப்பித்தவர் எட்வர்ட் ஆப்பிள்டன் என்னும் பிரிட்டிஷ் அறிவியலாளர். 1924ஆம் ஆண்டு, பி.பி.சி.யின் போர்ன்மத் வானொலி நிலையம் இரவில் அனுப்பிய அலைகளைக் கொண்டு அவர் தம் ஆய்வை நடத்தினார். அயனி மண்டலம் பற்றிய ஆய்வுகளுக்காக 1947ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அறிவியலாளர்கள் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், பொதுமக்கள் அதன் பயனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். 1920ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கே.டி.கே.ஏ. வானொலி அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன்பின் சில ஆண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் தோன்றின. இரவு உணவு முடிந்ததும் தொலைவில் உள்ள ஊர்களைத் தேடிப் பிடிப்பது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. ஆனால், உள்ளூர் நிலையங்களின் வலிமையான ஒலி தூரத்து ஒலியை மறைத்தது. இதற்கு அந்த நிலையங்களே ஒரு வழி செய்தன. சில நகரங்களில் வாரத்தில் ஓர் இரவு உள்ளூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. சிகாகோவில் அது திங்கட்கிழமை இரவு. 'அமைதி இரவு' என்று அழைக்கப்பட்ட அந்த நேரத்தில், மக்கள் தடையின்றித் தொலைவைக் கேட்டார்கள். தம் நேயர்கள் பிற ஊர்களைக் கேட்பதற்காகவே நிலையங்கள் வாய்மூடி இருந்தது இன்று நம்ப முடியாத செய்தியாகத் தோன்றலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மத்திய அலை உள்ள ஒரு சிறிய வானொலிப் பெட்டியே தொடக்கத்திற்குப் போதும். அதனுள் கம்பி சுற்றப்பட்ட ஒரு காந்தப் பொருள் தண்டு இருக்கும். அதுவே அலைகளைப் பற்றும் ஆன்டெனா. பெட்டியை மெதுவாகத் திருப்பினால், ஒரு திசையில் ஒலி கூடும். வேறொரு திசையில் குறையும். தொல்லை தரும் ஒரு நிலையத்தை இவ்வாறு அடக்கிவிட்டு, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் மற்றொன்றைக் கேட்கலாம். இனாரிக் காட்டில் கட்டப்படும் நீண்ட கம்பியும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இதனை உருவாக்கிய ஹெரால்ட் பெவரேஜின் பெயராலேயே அது பெவரேஜ் ஆன்டெனா எனப்படுகிறது.

கருவியைவிடக் காதும் அறிவும்தான் முக்கியம். ஒரே அலைவரிசையில் பல நாட்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். கேட்பவர் துப்பறிவாளரைப் போலச் சிறு தடயங்களைச் சேர்க்க வேண்டும். பேசும் மொழி எது? எந்த ஊரின் கடைக்கு விளம்பரம் வருகிறது? மணி அடித்தபோது அங்கே என்ன நேரம்? எண்கள்கூடத் துப்பு கொடுக்கும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்கக் கண்டங்களில் அந்த இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். ஆகவே, 1035க்கும் 1044க்கும் நடுவே 1040இல் ஒரு குரல் கேட்டால், அது கடல் கடந்து வந்திருக்கக்கூடும் என்று நேயர் நிமிர்ந்து உட்காருவார். அமெரிக்க நிலையங்கள் ஒவ்வொரு மணி நேரமும் தம் பெயரை அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கையில், அலை வலுவிழந்து குரல் மங்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் அடுத்த மணி வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த இரவு வரை.

நிலையத்தை அடையாளம் கண்ட பிறகு, நேயர் அந்நிலையத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புவார். கேட்ட நாள், நேரம், அலைவரிசை, ஒலியின் தரம், நிகழ்ச்சியின் விவரங்கள் ஆகியவை அதில் இருக்கும். நிலையத்தார் அதனைத் தம் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விவரங்கள் பொருந்தினால், 'கியூ.எஸ்.எல்.' எனப்படும் உறுதிப்பாட்டு அட்டையை அனுப்புவார்கள். வண்ணப் படங்களோடு வரும் இவ்வட்டைகளைப் பலர் ஆல்பங்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விதி எழுதப்படாமலே காக்கப்படுகிறது. தெளிவாகக் கேட்டதை மட்டுமே எழுத வேண்டும். இன்று பெரும்பாலான நிலையங்களை இணையத்திலும் கேட்கலாம். அங்கே கேட்டதை வானத்தின் வழியே கேட்டதாக ஒருவர் எழுதினால், அதனைக் கண்டுபிடிப்பது கடினம். அட்டையும் கிடைத்துவிடும். ஆனால், அந்த அட்டை எதற்குச் சான்று? இரவு இரண்டு மணிக்கு அறையில் தனியாக இருப்பவருக்கு அவருடைய மனமே சாட்சி. அதனால்தான் அனுபவமுள்ள நேயர்கள், 'இன்ன நிலையமாக இருக்கலாம். உறுதியில்லை' என்று குறிப்பேட்டில் எழுதத் தயங்குவதில்லை.

இந்த நேர்மை அறிவியலுக்கும் உதவியிருக்கிறது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நிலவின் நிழல் விழும் இடத்தில் சிறிது நேரம் 'இரவு' வந்தால் வானொலி அலைகளுக்கு என்ன நேரும்? இதனை அறிய, பிரிட்டனின் ரதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வுக்கூடம் பொதுமக்களின் உதவியை நாடியது. வட ஸ்பெயினில் உள்ள லா கொருன்யா நகரின் மத்திய அலை நிலையம் பகலில் கேட்கிறதா என்று கவனித்து எழுதும்படி கேட்டுக்கொண்டது. சாதாரண வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களும் அன்று ஆய்வில் பங்குகொண்டார்கள்.

இன்று இந்தப் பொழுதுபோக்கு நெருக்கடியில் இருக்கிறது. மின்சாரச் செலவு மிகுதி, நேயர்கள் குறைவு என்னும் காரணங்களால் பல நாடுகள் மத்திய அலை நிலையங்களை மூடி வருகின்றன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் முக்கியமான பல நிலையங்கள் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்ந்தன. மின்னேற்றிகள், எல்.இ.டி. விளக்குகள் போன்றவை எழுப்பும் மின் இரைச்சல் நகரங்களில் மெல்லிய ஒலிகளை மூழ்கடிக்கிறது. இணையம் இருக்கும்போது மத்திய அலை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்கு 2005ஆம் ஆண்டு ஒரு பதில் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் துண்டிக்கப்பட்டன. அப்போதும் 870 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய டபிள்யூ.டபிள்யூ.எல். என்னும் ஏ.எம். நிலையம் தொடர்ந்து ஒலிபரப்பியது. எங்கே நீர் ஏறுகிறது, எங்கே உதவி கிடைக்கும் என்பதை மக்கள் பேட்டரி வானொலியில் கேட்டு அறிந்தார்கள். ஒரே கோபுரத்திலிருந்து நெடுந்தொலைவுக்குச் செல்லும் அலையின் அருமை, மற்றவை எல்லாம் நின்றுபோன நாளில்தான் தெரிந்தது.

தென்கிழக்காசியாவிலும் இதனை எவரும் முயன்று பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல், விளக்குகளையும் மின்னேற்றிகளையும் அணைத்துவிட்டு, ஒரு பழைய வானொலிப் பெட்டியைச் சன்னலோரம் வைத்து, மத்திய அலையில் முள்ளை மெதுவாக நகர்த்த வேண்டும். இடிமின்னலின் 'படபட' ஒலி இடையே குறுக்கிடும். பொறுத்திருந்தால், அதற்கு அப்பால் ஏதோ ஓர் ஊரின் பாட்டோ பேச்சோ கேட்கும். அது எந்த ஊர் என்று தெரியும் வரை காதைக் கூர்மையாக்கிக் காத்திருப்பதே இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். கேட்ட நேரத்தையும் அலைவரிசையையும் கேட்டபடியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது இரண்டாவது பாடம்.