புகைப்படத்தை மரத்தில் செதுக்கும் சிஎன்சி மென்பொருள்: பலகை பாழாவது ஏன்?

புது தில்லி: கைப்பேசியில் உள்ள புகைப்படத்தை அனுப்பினால் போதும், அதை மரத்தில் அப்படியே செதுக்கித் தர முடியும் என்ற நம்பிக்கையுடன் சிஎன்சி பட்டறைகளை நாடுவோர் பலர். மறைந்த பெற்றோரின் உருவம், பூஜை அறைக் கதவு, திருமணப் பரிசு என ஆர்டர்கள் பல வகை. ஆனால், இயந்திரம் வேலையை முடித்த பின்னர் கருமையான தலைமுடி இருந்த இடத்தில் பள்ளமும், நெற்றியில் ஒளி விழுந்த இடத்தில் மேடும் தோன்றி, முகமே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. பலகையும் பல மணி நேர உழைப்பும் வீணாகின்றன.

இதற்குப் பெரும்பாலும் இயந்திரக் கோளாறு காரணமல்ல. புகைப்படத்தில் பதிவாகியிருப்பது வெளிச்சம் மட்டுமே. செதுக்குவதற்குத் தேவையான ஆழம் அதில் இல்லை.

படத்தை இயந்திரத்துக்கான கருவிப்பாதையாக மாற்றும் மென்பொருள், முதலில் அதை நிறமற்ற சாம்பல் நிறப் படமாக மாற்றுகிறது. வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. வெள்ளை என்றால் மரத்தின் மேற்பரப்பு, கருப்பு என்றால் அதிகபட்ச ஆழம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. 10 மில்லிமீட்டர் ஆழம் நிர்ணயிக்கப்பட்டால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சுமார் 0.04 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால், நெற்றியில் உள்ள குங்குமப் பொட்டு சாம்பல் நிறப் படத்தில் கருமையாகிவிடுவதால், மரத்தில் அது குழியாக விழுகிறது. பொட்டு என்பது நிறம், பள்ளம் அல்ல என்பதை மென்பொருள் அறியாது.

செயலிகள் வழியாகப் பலமுறை பகிரப்பட்டு வந்த படமாக இருந்தால் சிக்கல் மேலும் கூடும். ஜேபெக் முறையில் படம் சுருக்கப்படும்போது 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. திரையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்தக் கட்டங்களின் விளிம்புகள், மரத்தில் சொரசொரப்பாக எழுந்து நிற்கும்.

எழுத்துகள், சின்னங்கள், கோலங்கள் போன்ற கோட்டு வடிவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் விளிம்புகளை மென்பொருள் கோடுகளாக வரைந்தெடுக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளிலேயே இந்த வசதி உள்ளது. பின்னர் கூர்முனை கொண்ட வி-பிட் அந்தக் கோடுகளைப் பின்பற்றிச் செல்லும். கோட்டின் அகலமே ஆழத்தைத் தீர்மானிக்கிறது: 90 டிகிரி வி-பிட் கொண்டு 6 மில்லிமீட்டர் அகலக் கோட்டைச் செதுக்கினால் ஆழம் 3 மில்லிமீட்டர். பெயர்ப்பலகைகள் நேர்த்தியாக அமைவதன் காரணம் இதுவே.

புகைப்படத்துக்கும் இதே உத்தியைப் பயன்படுத்தலாம். நெருக்கமான இணைகோடுகளை வரைந்து, படத்தின் கருமையான பகுதிகளில் கோட்டை அகலமாகவும் வெளிச்சமான பகுதிகளில் மெல்லியதாகவும் செதுக்கும் முறை அது. மேலே ஒரு நிறமும் உள்ளே மற்றொரு நிறமும் கொண்ட தகட்டில் இவ்வாறு செதுக்கி, சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் முகம் தெளிவாகத் தெரியும். உருவப் படம் கேட்டு வருவோருக்குப் பல நேரங்களில் புடைப்புச் சிற்பத்தைவிட இதுவே பொருத்தமானது. பட்டறைகள் இதை முதலிலேயே எடுத்துச் சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

புடைப்புச் சிற்பம்தான் வேண்டும் என்றால் நேரமும் செலவும் கூடும். தட்டையான பிட் முதலில் தேவையற்ற மரத்தை அகற்ற, உருண்டை முனை பிட் அடுத்து நுணுக்கத்தைச் செதுக்குகிறது. 300-க்கு 300 மில்லிமீட்டர் பலகையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் பிட் ஓடினால் 1,000 வரிசைகள், அதாவது மொத்தம் 300 மீட்டர் தொலைவு. நிமிடத்துக்கு 1,500 மில்லிமீட்டர் வேகத்தில் இதற்கு மட்டும் 3 மணி 20 நிமிடங்கள் ஆகும். இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் நேரம் இரட்டிப்பாகும். படத்தைச் சரிபார்க்காமல் ஓட்டத் தொடங்கினால் ஏற்படும் இழப்பை இந்தக் கணக்கே உணர்த்தும்.

இறுதியில் இயந்திரத்துக்குச் செல்வது ஜி-கோட் எனப்படும் கட்டளை வரிகள். ஜி0 என்றால் மரத்தைத் தொடாமல் விரைந்து நகர்வது, ஜி1 என்றால் குறிப்பிட்ட வேகத்தில் வெட்டியபடி நகர்வது, எம்3 என்றால் பிட்டைச் சுழலச் செய்வது. எண்களால் இயங்கும் அரவை இயந்திரத்தை அமெரிக்காவின் எம்ஐடி 1952-ஆம் ஆண்டு செய்து காட்டியது. இன்று கிர்பிள் என்ற திறமூல மென்பொருளைக் கொண்டு, ஆர்டுயினோ மின்பலகையிலேயே சிறிய இயந்திரங்கள் இயங்குகின்றன. தொடக்க உயரத்தைத் தவறாகக் குறித்துவிட்டால் பிட் மேசையையே துளைத்துவிடும் என்பதால், முதலில் மரத்துக்கு மேலே காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

இந்தத் துறையில் நெடுங்காலம் அறியப்பட்ட ஆர்ட்கேம் மென்பொருளின் விற்பனையை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-இல் நிறுத்தியது. தற்போது கார்வ்கோ, வெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆஸ்பயர் போன்றவை பயன்பாட்டில் உள்ளன. ஒற்றைப் புகைப்படத்திலிருந்தே ஆழத்தை ஊகித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. குங்குமப் பொட்டைக் குழியாக்கும் பிழை இவற்றில் குறையக்கூடும். எனினும், கண் இமைக்கும் மூக்கு நுனிக்கும் இடையே உள்ள உயரத்தை 8 மில்லிமீட்டர் மரத்துக்குள் எவ்வாறு அடக்குவது என்பது தனிக் கேள்வி. உண்மையான அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கினால் முகம் தட்டையாகிவிடும்; எதை மிகைப்படுத்த வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர், கொடிகளும் இலைகளும் பின்னிய மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற நகரம். மாநில அரசு 2018-இல் தொடங்கிய 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டத்தில் இக்கலையே அம்மாவட்டத்தின் பொருளாக இடம்பெற்றுள்ளது. இத்தகைய வேலையில் எந்த இலை எதன் மேல் படிய வேண்டும், தண்டு எங்கே உள்ளே மறைய வேண்டும் என்பது கைவினைஞரின் தீர்மானம். மென்பொருளுக்குத் தர வேண்டிய ஆழமும் அதுதான். எனவே, இயந்திரப் பட்டறைகளின் வருகையால் செதுக்கும் கூலி குறையும் என்ற அச்சம் நியாயமானது என்றாலும், அந்த அறிவுக்குத் தனி விலை இருக்கிறது. தட்டையான ஒரு பூ வேலைப்பாட்டுப் படத்துக்கு இலை இலையாக ஆழம் குறித்துக் கொடுப்பது உளி பிடித்துப் பழகியவருக்கே எளிது.

இயந்திரம் நின்ற பிறகும் உளிக்கு வேலை உண்டு. 3 மில்லிமீட்டர் உருண்டை முனை பிட்டால், தன் 1.5 மில்லிமீட்டர் ஆரத்தைவிடக் குறுகிய உள்மூலைக்குள் நுழைய முடியாது. இலைகள் சேரும் இடுக்குகளில் வட்டமாக எஞ்சி நிற்கும் மரத்தைக் கையால்தான் கூர்மையாக்க வேண்டும்.