தோலும் தொழிலும் – 9: ஆவாரம்பட்டை ஊறல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வன்னியம்பட்டி வட்டாரத்தில் மானாவாரிக் காட்டோரம் எங்கும் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்குக் காப்புக்கட்டவும், வெயிலுக்குத் தலையில் வைக்கவும், பூவைக் காயவைத்துத் தேநீர் போடவும் அதைத் தெரிந்தவர்கள் ஏராளம். அதன் பட்டையின் துவர்ப்பு தமிழ்நாட்டுத் தோலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது என்பது இன்று பலருக்கும் நினைவில் இல்லை.

திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, பல்லாவரம் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்த பாதிப்பதனத் தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ்களுக்கும் அதுதான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிறகு வந்தது குரோமியம். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துக் காட்ட, சேம்பர்ஸ் 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் ஓர் ஊரே குரோம்பேட்டை ஆனது. வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. ஆனால் குரோமியக் கழிவு வீட்டுக்கொல்லைக்கு ஆகவே ஆகாது. வீட்டில் பழக வருபவருக்குப் பட்டைதான் வழி.

இந்தக் கைப்பக்குவத்தைத் தென்மாவட்டங்களில் காத்து வந்தவை பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். கிணறு இறைக்கும் கமலைக் கூனையின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் விடும் தோல்குழாய், மாட்டுக்கு வார், உழவனுக்குச் செருப்பு எல்லாம் அவர்கள் உழைப்பு. பதிலுக்கு ஊர் கொடுத்தது களத்துமேட்டில் கொஞ்சம் தானியமும், ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பும். ‘கிராமத் தோல் பதனிடுதல்’ பற்றிக் காந்தி 1934-இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதியபோது, பச்சைத்தோல் ஏற்றுமதியாகி, செய்பொருளாகத் திரும்பி வருவதைச் சொல்லி வருந்தினார். வார்தா அருகே நாலவாடியில் வாலுஞ்கர் போன்ற காந்திய ஊழியர்கள் தாங்களே தோலில் கைவைத்துக் கற்றார்கள். இன்று ஆர்வத்துக்காக இதைப் பழகுபவர்கள், யார் கையிலிருந்து இந்த அறிவு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதே நியாயம்.

முதல் தோல் ஆட்டுத்தோலாக இருக்கட்டும். கறிக்கடையில் அன்று காலை உரித்ததாக இருக்கவேண்டும். நோயில் செத்த ஆட்டின் தோலைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய்க்கிருமி தோல் வழியாக மனிதருக்கும் தொற்றும். மேகமலையை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2021-இல் அந்த மலைக்காடு புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டு விலங்கின் தோலை வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம்.

தோல் கெடுவது பெரும்பாலும் பட்டைத் தொட்டியில் அல்ல, அதற்கு முந்தைய முதல் சில மணி நேரத்தில். உரித்த சூட்டோடு சதைப்பக்கத்தை மேலே விரித்து, தோலின் எடையில் பாதி அளவு கல்லுப்பைப் பொடித்து, ஓரமும் மடிப்பும் விடாமல் தேய்க்கவேண்டும். வெயிலில் போட்டால் மேற்பக்கம் வறண்டு உள்ளே அழுகும். முடி கொத்தாகக் கையோடு வந்தால் அந்தத் தோல் போய்விட்டது.

உப்புப் போக நனைத்து அலசியதும், அடுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். கையுறை இல்லாமல் இறங்கினால் விரல் வெந்துபோகும். சில நாளில் முடி தளர்ந்ததும் சாய்த்து வைத்த மரக்கட்டையில் போட்டு, கூர்மழுங்கிய கத்தியால் முடியையும், மறுபக்கம் சதையையும் வழிக்கலாம். பலமுறை அலசி, புளித்த தவிட்டுத் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்பு விட்டுப்போகும். தப்பு மேளத்துக்குத் தோல் இத்தோடு சரி. இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். பதனிடாத தோல் என்பதால்தான் ஈரத்தில் அது தொய்கிறது, தீயில் காட்டினால் விறைக்கிறது.

பதனிட வேண்டுமானால் பட்டை ஊறலுக்கு வரவேண்டும். இங்கே அவசரம்தான் எதிரி. முதல் நாளே கெட்டியான சாற்றில் போட்டால் மேல்தோல் சட்டென்று பதப்பட்டு அடைத்துக்கொள்ளும். துவர்ப்பு உள்ளே இறங்காது. வெளிறிய தேநீர் நிறச் சாற்றில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை பட்டை கூட்டி, அடிக்கடி புரட்டிவிடவேண்டும். இரும்பு வாளி கூடாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் தோல் மை பட்டது போலக் கறுத்துவிடும். பிளாஸ்டிக் வாளியோ மண்தொட்டியோ போதும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, கனமான கழுத்துப் பகுதியின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்க்கவேண்டும். வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பு நிறம் ஓடியிருந்தால் வெந்தது. நடுவில் வெள்ளைக்கோடு தெரிந்தால் மறுபடி ஊறலுக்குத்தான். பிறகு கடுக்காய்ச் சாறு, லேசாகப் புங்க எண்ணெய், நிழலில் உலர்த்தல். பாதி ஈரத்தில் கையால் இழுத்துப் பிசைந்துகொண்டே இருந்தால்தான் மெத்தென்று வரும்.

கழிவை என்ன செய்வது என்பதை முதல் நாளே யோசித்துவைக்க வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பானது. அங்கே கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்குண்டு. ஒற்றைத் தோலின் உப்பும் மண்ணுக்கு நல்லதல்ல. நனைப்பதற்கு முன் தோலை உதறி, உலர்ந்த உப்பைத் தனியே சேர்த்துவிட்டால், அலசும் தண்ணீரில் போவது குறையும். அந்தத் தண்ணீரும் கண்மாய்ப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ போகக்கூடாது. சாறு போன பட்டைச்சக்கையை மட்டும் தயங்காமல் எருக்குழியில் கொட்டலாம்.