ஐந்து முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லையா?
எஸ்பிஎம் மாணவர்களுக்கு: படிப்பு, தூக்கம், மனநலம்

"ஐந்து தடவை படிச்சிட்டேன். புத்தகத்தை மூடினா ஒன்னுமே ஞாபகம் இல்ல."

தேர்வு நெருங்கும் மாதங்களில் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. செலண்டார், பத்தாங் மலாக்கா, ஜாசின் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே புலம்பல்தான். அம்மா விடியுமுன்பே மரம் வெட்டப் போயிருப்பார் அல்லது தொழிற்சாலை பேருந்தில் ஏறியிருப்பார். பிள்ளையோ இரவு இரண்டு மணி வரை வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டு, கண் எரிய எரியப் பள்ளிக்குக் கிளம்பும். இவ்வளவு பாடுபட்டும் மாதிரித் தேர்வில் புள்ளிகள் ஏறவில்லை என்றால், "எனக்கு மூளை இல்லை" என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்துவிடுகிறது.

மாணவர்களே, மூளையைக் குறை சொல்வதற்கு முன் படிக்கும் முறையைக் கொஞ்சம் பாருங்கள்.

புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

1885ஆம் ஆண்டில் எர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் மறதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொருளற்ற எழுத்துக் கோவைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். படித்த மறுநாளே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கழன்றுபோயிருந்தது. ஆகவே, மறப்பது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த குறை அல்ல.

சரி, மறதியை எப்படித் தடுப்பது? 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும், திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடும் நினைவில் இருந்தன.

ஐந்து தடவை படிப்பதில் உள்ள ஏமாற்றம் இதுதான். கண்ணுக்குப் பழகிய வரியை மனம் "தெரிந்த வரி" என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வு மண்டபத்திலோ புத்தகம் எதிரில் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. மலாக்கா பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர்க் கதை. 1956 பிப்ரவரி 20ஆம் தேதி, பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். இந்தப் பகுதியை ஒருமுறை படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதுங்கள்: எங்கே, எப்போது, யார், எங்கிருந்து திரும்பி வந்தார், எந்தத் தேதியை அறிவித்தார், அதற்கு முன் நடந்தது என்ன? தடுமாறுகிற இடத்தில் சிவப்பு மையால் குறியிடுங்கள். அந்த இடத்தை மட்டும் மீண்டும் படியுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். கணிதத்திலும் அறிவியலிலும் கடந்தாண்டுக் கேள்வித்தாள்களை நேரம் வைத்துச் செய்வது இதே வேலையைச் செய்யும்.

முதலில் மலாய்மொழியும் வரலாறும்

மலாய்மொழியில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்காது. 2013 முதல் வரலாற்றுக்கும் இதே நிபந்தனை உண்டு. மற்ற பாடங்களில் எத்தனை 'ஏ' எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று கைவிட்டால் சான்றிதழ் இல்லை. எனவே நேர அட்டவணை போடும்போது பிடித்த பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்த இரண்டையும் வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது தொடுங்கள்.

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டாம். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் எழுந்து நடக்கும் 'பொமொடோரோ' முறை பலருக்கு ஒத்து வருகிறது. தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரத்தை வைத்து இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ தம் மாணவப் பருவத்தில் உருவாக்கிய முறை இது. அந்த 25 நிமிடமும் கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. நம் மாணவர்களில் பலர் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு இரண்டு மணி வரை படிப்பவர் அன்று படித்ததில் ஒரு பகுதியைத் தாமே அழித்துக்கொள்கிறார்.

மாலையில் குடிக்கும் காப்பியிலும் சக்தி பானத்திலும் கவனமாக இருங்கள். காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். மதியத்துக்குப் பிறகு தண்ணீரே போதும்.

வீட்டில் சத்தம் அதிகமா? ஒரே கூடத்தில் தொலைக்காட்சி, தம்பி தங்கை, விருந்தாளி எல்லாரும் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அப்படிப்பட்டவர்கள் இரவு பத்து மணிக்கே படுத்து, அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். வீடே அமைதியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம், இரவின் மூன்று மணி நேரத்துக்குச் சமம். பள்ளி முடிந்ததும் அங்கேயே நூல்நிலையத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவதும் நல்ல வழி.

உணவும் உடலும்

தேர்வு நாளில் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. அதற்காக எண்ணெய் வழியும் பலகாரத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இட்லி, அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு குவளை மைலோ என எளிமையாகச் சாப்பிடுங்கள். பழக்கமில்லாத புதிய உணவைத் தேர்வு வாரத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். மாணவிகள், மாதவிலக்கு நாள்கள் தேர்வோடு மோதுமா என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் தேவையானவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வலி கடுமையாக இருப்பவர்கள் முன்னதாகவே கிளினிக்குக்குச் சென்று ஆலோசனை பெறலாம்.

ஆண்டிறுதி மழைக்காலம். வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்; டெங்கிக் காய்ச்சல் தேர்வு அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. ஒருவேளை மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கலங்க வேண்டாம், அங்கிருந்தபடியே தேர்வு எழுத ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் உடனே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் அரை மணி நேரமாவது பூப்பந்து, காற்பந்து, சைக்கிள், நடை என்று உடலை அசையுங்கள். அதை வீண் பொழுது என்று நினைக்க வேண்டாம்.

மனம் கனக்கும்போது

கொஞ்சம் பதற்றம் நல்லது. அது நம்மைப் படிக்க உட்கார வைக்கும். அளவு மீறினால்தான் தெரிந்ததும் மறந்துபோகிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதிய மாணவர்கள் மேலான புள்ளிகள் பெற்றதை, 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நீங்களும் எழுதிப் பாருங்கள். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. மண்டபத்தில் கை நடுங்கினால், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து முறை செய்த பிறகு தெரிந்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, "நான் இல்லாவிட்டால் என்ன" என்று தோன்றுகிறது என்றால், அது தேர்வுப் பயத்தைத் தாண்டிய ஒன்று. நம் நாட்டில் 2022இல் இளையோரிடம் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் மனச்சோர்வை உணர்வதாகத் தெரிய வந்தது. நீங்கள் தனியாள் இல்லை. பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ, நம்பிக்கையான ஒரு பெரியவரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555, 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999, பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்களையும் அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

எஸ்பிஎம் எழுதாத பெற்றோர் பலர், "பாடம் சொல்லித்தர எனக்குத் தெரியாதே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பாடம் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பக்கத்தில் என்ன இருக்கு, பார்க்காமச் சொல்லு" என்று கேட்டாலே போதும். மேலே சொன்ன முறைக்கு அதைவிட நல்ல துணை இல்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் 'ஏ'க்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தேர்வு கைகூடாமல் போனாலும் வழி அடைபட்டுவிடாது. மலாய்மொழி, வரலாறு ஆகியவற்றை மறுதேர்வில் எழுதலாம். தொழிற்பயிற்சிக் கல்விக்கும் கதவு திறந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு எஸ்பிஎம் மாணவர்கள், கோவிட் தொற்றால் நவம்பரில் எழுத வேண்டிய தேர்வை 2021 பிப்ரவரியில்தான் எழுதத் தொடங்கினார்கள். பள்ளி மூடித் திறந்து, தேதி மாறி மாறி, இணையம் கிடைக்காத இடத்திலிருந்தும் படித்தார்கள். முடிவு ஜூன் 10ஆம் தேதிதான் கையில் கிடைத்தது. அந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இன்று உங்கள் தாமானிலேயே இருப்பார்கள். ஒருநாள் மாலை அவர்களிடம் போய், எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றிரவு ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு வெற்றுத்தாள். எழுதிப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.